நெல்லையிலிருந்து முதுமலைக்கு நம்ம காரிலேயே: காட்டின் நேரத்துக்கு ஏற்ப ஒரு திட்டம்

வணக்கம் மக்களே, எல்லாரும் நல்லா இருக்கீங்களா? பாளையங்கோட்டையிலிருந்து பேசுகிறேன். அடுத்த பயணம் முதுமலை. ஆச்சி, வீட்டுக்காரர், மைனியின் இரண்டு பிள்ளைகள், நான். நம்ம கார்தான், நான்தான் ஓட்டப்போகிறேன். இன்னும் கிளம்பவில்லை, அதனால் இந்த வீடியோவில் அருவி, யானை எதுவும் வராது. எப்படிப் போகப்போகிறோம், ஏன் அப்படிப் போகிறோம் என்பதை மட்டும் பேசுகிறேன்.

முதுமலை என்று சொன்னதுமே எல்லாரும் கேட்பது, "எத்தனை மணி நேரம் ஆகும்?" இங்கிருந்து சுமார் ஐந்நூறு கிலோமீட்டர். விடிகாலையில் கிளம்பி ஒரே மூச்சில் ஓட்டினால் ராத்திரிக்குள் போய்விடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அப்படிப் போகாதீர்கள். முதுமலை வழியாக மைசூர் பக்கம் போகும் நெடுஞ்சாலை ராத்திரி 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை மூடியிருக்கும். கூடலூர் தாண்டித் தொரப்பள்ளியில் செக்போஸ்ட், அந்தப் பக்கம் கர்நாடக எல்லையில் கக்கநல்லா செக்போஸ்ட். 9 மணிக்கு மேல் தொரப்பள்ளி போய்ச் சேர்ந்தால் கூடலூருக்குத் திரும்பி ரூம் தேட வேண்டியதுதான். நாள் முழுக்க வண்டி ஓட்டிய கையோடு, மலைப்பாதையை இருட்டில் கடந்து, அந்த கேட் மூடுவதற்குள் போய்விட வேண்டும் என்று விரட்டுவது ரொம்ப ஆபத்து. அதனால் நான் முதலில் காட்டின் நேரத்தை எழுதிக்கொண்டேன், அங்கிருந்து பின்னோக்கி வந்து பாளையங்கோட்டையில் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று கணக்குப் போட்டேன்.

சரி, ஏன் முதுமலை? பக்கத்திலேயே நம்ம களக்காடு முண்டந்துறை இருக்கிறதே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1988-ல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காடு அது, நம்ம தாமிரபரணி பிறக்கிற காடு. ஆனால் அங்கே மேலே போகப்போக மழைக்காடு. பத்தடி தள்ளி மிளா நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. காரையாறு, சொரிமுத்து அய்யனார் கோவில், மணிமுத்தாறு என்று போய்வருவதற்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. வண்டியில் உட்கார்ந்து விலங்கு பார்ப்பதற்கு முதுமலை தோதாக இருப்பதற்குக் காரணம் அதன் மழைதான். கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். கிழக்கே மசினகுடி பக்கம் போகப்போக மழை குறைந்து, இலையுதிர் காடும் முள்காடுமாக மாறிவிடும். மரங்களுக்கு நடுவே வெளி இருப்பதால் யானை, காட்டுமாடு, புள்ளிமான் எல்லாம் சாலையிலிருந்தே தெரியும். 1940-லேயே சரணாலயமாக்கிய காடு, 2007-ல் புலிகள் காப்பகம் ஆனது. மையப்பகுதி மட்டும் 321 சதுர கிலோமீட்டர். வடக்கே பந்திப்பூர், மேற்கே வயநாடு. மூன்று மாநிலத்துக் காடும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடப்பதால்தான் யானைகளுக்கு அங்கே நடக்க இடம் இருக்கிறது.

தேக்கடியும் நமக்குப் பக்கம்தான். ஆனால் அங்கே முக்கியமாகப் படகு. பிள்ளைகள் ஜீப், வேன் என்று கேட்கிறார்கள், அதனால் இந்த முறை முதுமலை என்று முடிவாகிவிட்டது.

ஒரு விஷயத்தை இப்போதே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நம்ம காரில் போகிறோம் என்றால் தெப்பக்காடு வரைக்கும்தான், முதுமலைக்குள் சஃபாரி கிளம்புகிற இடம் அது. காட்டுக்குள் சஃபாரி வனத்துறை வண்டியில் மட்டும்தான். காலையில் ஒரு வேளை, பிற்பகலில் ஒரு வேளை விடுவார்கள். நம்ம வண்டியை நெடுஞ்சாலையை விட்டுக் காட்டுப் பாதையில் இறக்க முடியாது, இறக்கவும் கூடாது. மசினகுடியில் சிலர் ஜீப்பைக் காட்டி, "ராத்திரி சஃபாரி கூட்டிப் போகிறோம்" என்று கூப்பிடுவார்கள். அது சட்டவிரோதம். இருட்டில் தண்ணீருக்கு வருகிற விலங்கின் முகத்தில் லைட் அடித்துப் பார்ப்பதில் என்ன இருக்கிறது? தயவுசெய்து போகாதீர்கள்.

தங்கும் இடத்தையும் அதே கவனத்தோடுதான் பார்க்கிறேன். மசினகுடியைச் சுற்றியுள்ள சீகூர் பகுதி யானைகளின் வழித்தடம். அங்கே கட்டிய ரிசார்ட்டுகள் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2020-ல் வழித்தடத்தைக் காக்கும் பக்கமே தீர்ப்பு வந்தது. அடுத்த சில மாதத்தில், 2021 ஜனவரியில், அதே மசினகுடியில் ஒரு யானை மேல் எரிகிற துணியையோ டயரையோ வீசிய வீடியோ வெளியே வந்தது. அந்த யானை செத்துப்போனது. அந்த வீடியோவைப் பார்த்தவர்களுக்கு மறக்காது. அதனால் என் முதல் தேர்வு தெப்பக்காட்டில் வனத்துறை விடுதி. காப்பகத்தின் இணையதளத்தில் பதிவு செய்யலாம். அது கிடைக்காவிட்டால் கூடலூர் ஊருக்குள்ளேயே ஒரு லாட்ஜ். காலையில் கொஞ்சம் சீக்கிரம் எழுந்தால் போதும்.

இனி பாதை. பாளையங்கோட்டையில் காலை 5 மணிக்குக் கிளம்புகிறோம். மதுரை வரை நான்குவழிச் சாலை, யோசிக்க ஒன்றும் இல்லை. ஃபாஸ்டாக்கில் பணம் போட்டுக்கொள்ளுங்கள், கயத்தாறு பக்கம் சாலைப்புதூர், சாத்தூர் தாண்டி எட்டூர்வட்டம், அப்புறம் கப்பலூர் என்று வரிசையாக டோல்கேட் வரும். கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்குவதற்கு விடிகாலையில் கடை திறந்திருக்காது, அதைத் திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம். விருதுநகர் தாண்டி டிபன். மதுரை ஊருக்குள் போகாமல் கப்பலூரிலிருந்து பைபாஸில் அப்படியே திண்டுக்கல்.

திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம். அங்கே சாலை பிரிகிறது. பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகக் கோயம்புத்தூர் போவது ஒன்று. மலை ஓரமாகவே போகிற அழகான வழி. ஆனால் கோயம்புத்தூர் நகரத்தைக் கடந்து மேட்டுப்பாளையம் சாலையைப் பிடிப்பதற்குள் மதியம் முழுக்க சிக்னலிலேயே போய்விடும். நான் எடுக்கப்போவது தாராபுரம், பல்லடம் வழி. அங்கிருந்து சோமனூர், கருமத்தம்பட்டி, அன்னூர், மேட்டுப்பாளையம். கோயம்புத்தூரைத் தொடவே வேண்டாம். சாப்பாட்டு நிறுத்தம் எல்லாம் சேர்த்து மாலைக்குள் மேட்டுப்பாளையம் போய்விடலாம். முதல் நாள் அங்கேயே தங்கல். மலை ஏறுவது மறுநாள்தான்.

மேட்டுப்பாளையத்தில் டேங்கை நிரப்பிவிடுங்கள். கல்லாறு செக்போஸ்ட் வந்ததும் இ-பாஸ் கேட்பார்கள், மலைக்கு வண்டியில் போக இணையத்தில் முன்பே பதிவு செய்து வாங்குகிற அனுமதி அது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இது வந்தது. 2025 கோடையில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்ற வரம்பும் வைத்தார்கள். நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000. அதனால் லீவு சமயத்தில் போகிறவர்கள் ரூம் போடுவதற்கு முன்பே இ-பாஸ் பதிவைப் பாருங்கள். மே மாதக் கூட்டத்தில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும் ஒருவழி முறையும் இருக்கும். அதையும் கணக்கில் வையுங்கள்.

பிளாஸ்டிக் விஷயத்தில் நீலகிரி ரொம்பக் கண்டிப்பு. பாபநாசம் செக்போஸ்ட்டில் பையைத் திறந்து பார்ப்பார்கள் இல்லையா, அதே மாதிரிதான். தண்ணீர் பாட்டில், கேரிபேக், தட்டு எதுவும் வேண்டாம். எவர்சில்வர் கூஜா, தூக்குவாளி. ஆச்சி புளியோதரை கட்டித் தருவதாகச் சொல்லிவிட்டாள், வாழை இலையில்தான். கொண்டை ஊசி வளைவில் பிள்ளைகளுக்கு வாந்தி வரும், அதற்கு உப்பு நார்த்தங்காய் ஒரு சின்ன டப்பாவில்.

மலைப்பாதை ஓட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நம்ம ஊர்ச் சாலை எல்லாம் சமவெளி, நான்குவழி. அதில் நன்றாக ஓட்டுகிறவர்கள்கூட மலையில் பிரேக்கைக் கொன்றுவிடுகிறார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது பிரச்சினை பெரும்பாலும் இல்லை, இரண்டாவது கியர், சில வளைவில் முதல் கியர். ஆபத்து இறக்கத்தில். ஏறுவதற்கு எந்த கியர் தேவைப்படுமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பிரேக்கை மட்டும் நம்பி மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடாகி, கடைசியில் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. கருகல் வாசனை வந்தால் உடனே ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள், சூட்டோடு தண்ணீர் ஊற்றாதீர்கள். நியூட்ரலில் இறங்குவது கூடவே கூடாது. ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் அதில் மேனுவல் அல்லது எல் என்று ஒரு நிலை இருக்கும், வீட்டிலேயே அதைப் பழகிக்கொள்ளுங்கள். எதிரே ஏறி வருகிற வண்டிக்கு நாம்தான் வழி விட வேண்டும், பஸ் என்றால் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள். அவருக்கு முழு அகலமும் தேவைப்படும்.

கிளம்புவதற்கு முன் பிரேக் பேட், பிரேக் ஆயில், கூலண்ட், வைப்பர், ஸ்டெப்னியில் காற்று, இவ்வளவும் மெக்கானிக் அண்ணாச்சியிடம் காட்டிவிடுவேன்.

ஊட்டியிலிருந்து தெப்பக்காட்டுக்கு இரண்டு வழி. கல்லட்டி வழி சுமார் 36 கிலோமீட்டர், கூடலூர் வழி சுமார் 67. மேப் கல்லட்டியைத்தான் காட்டும், குறுக்கு வழி என்று. அதை நம்பித் திரும்பாதீர்கள். 36 கொண்டை ஊசி வளைவுகள், அவ்வளவு செங்குத்தான இறக்கம். அங்கே பிரேக் போய் நிறையப் பேர் இறந்திருக்கிறார்கள். அதனால் வெளியூர் வண்டிகளை அந்தப் பக்கம் இறங்க விடுவதில்லை. மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறிப் போகலாம். ஆகவே போகும்போது பைக்காரா, நடுவட்டம், கூடலூர், தொரப்பள்ளி. இரண்டாம் நாள் மதியத்துக்குள் தெப்பக்காடு. பிற்பகல் சஃபாரி, மறுநாள் காலை இன்னொன்று. மாலையில் தெப்பக்காடு யானை முகாமில் யானைகளுக்குச் சாப்பாடு கொடுப்பதைப் பார்க்கலாம். கேழ்வரகு, கொள்ளு, வெல்லம் எல்லாம் சேர்த்துப் பெரிய கவளமாகப் பிடித்து வாயில் ஊட்டுவார்கள். பிள்ளைகளைவிட ஆச்சிதான் அதற்காகக் காத்திருக்கிறாள்.

தொரப்பள்ளி தாண்டியதும் காடு. நிறுத்தாதீர்கள், இறங்காதீர்கள், ஹார்ன் வேண்டாம், பாட்டை அணைத்துவிடுங்கள். குரங்குக்கு ஒரு பிஸ்கட்கூடப் போடாதீர்கள். அதற்குப் பழகிய குரங்கு சாலையிலேயே உட்கார்ந்து வண்டியில் அடிபட்டுச் சாகிறது. சாலையில் யானை நின்றால் தள்ளியே நின்று காத்திருங்கள். பின்னால் நகர்வதற்கு இடம் இருக்கட்டும். முன்னால் காத்திருக்கும் வண்டியை முந்திப்போவதுதான் எல்லாவற்றிலும் மோசம், யானை இரண்டு வண்டிக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும். குட்டி இருந்தால் தாய் எதையும் பொறுக்காது.

எந்த மாதம் என்றால், நான் ஜனவரியைப் பார்க்கிறேன். ஜூன், ஜூலையில் கூடலூரில் மழை விடாது. ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர் சாலையில் மண் சரியும். மாசி, பங்குனியில் புல் காய்ந்து விலங்குகள் தண்ணீர் தேடி வெளியே வருவதால் நன்றாகத் தெரியும்தான். ஆனால் அது காட்டுத்தீ காலம், அப்போது சஃபாரியை நிறுத்திவைப்பதும் உண்டு. ஆசையாக ஐந்நூறு கிலோமீட்டர் போய் மூடிய கவுண்டரைப் பார்க்க வேண்டாம், தைப்பொங்கல் கூட்டம் முடிந்ததும் போய்விடலாம் என்று இருக்கிறேன்.

திரும்பும்போது கல்லட்டி ஏறி ஊட்டி, கோத்தகிரி வழியாக மேட்டுப்பாளையம், அங்கே ஒரு ராத்திரி தங்கல். அடுத்த நாள் பழனியில் இறங்கிச் சாமி கும்பிட்டுவிட்டு, கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டு வீடு.

ஒன்றே ஒன்றுதான் இன்னும் முடிவாகவில்லை. ஆச்சிக்கு முழங்கால் வலி. சஃபாரி வேனில் படி உயரமாக இருக்கும். முதியவர்களைத் தெப்பக்காட்டுக்குக் கூட்டிப் போனவர்கள் யாராவது இருந்தால், ஏறுவதற்கு ஸ்டூல் கொண்டுபோனீர்களா, அங்கேயே ஏதாவது கொடுத்தார்களா என்று எனக்குச் சொல்லுங்கள். அதைத் தெரிந்துகொண்டுதான் டிக்கெட் போடப்போகிறேன்.