ஒரு கைப்பிடி, ஓர் இன்சொல்

(மும்பை மாட்டுங்காவில் ஒரு மார்கழி ஞாயிறு மாலை, பஜனை தொடங்குமுன் பேசியதன் எழுத்து வடிவம்)

அன்பர்களே, தாய்மார்களே, வணக்கம்.

உள்ளே வரும்போது ஒரு தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அம்மா, காலையில் நாலரைக்கு எழுந்தால்தான் சாப்பாட்டு டப்பா கட்டி 6:50 லோக்கல் ரயிலைப் பிடிக்க முடிகிறது. விளக்கேற்றுகிறேன், கும்பிடுகிறேன். ஆனால் மனசு ஒட்டவே மாட்டேன் என்கிறது. இதில் நான் எங்கே சாமியை நினைக்கிறது?" என்றாள். இன்றைக்கு வேறு விஷயம் பேசலாம் என்று குறிப்பு எடுத்து வந்திருந்தேன். அதை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். அவள் கேட்டதையே பேசுகிறேன்.

புறநகர் டோம்பிவிலியிலிருந்து மும்பைக் கோட்டைப் பகுதிக்கு முப்பத்தோரு வருஷம் ரயிலில் வேலைக்குப் போய் வந்தவள் நான். நேரமில்லை என்பது எவ்வளவு நிஜம் என்று எனக்குத் தெரியும். திருமந்திரம் பாடிய திருமூலருக்கும் தெரிந்திருக்கிறது.

"யாவர்க்குமாம் இறைவற்கு ஒரு பச்சிலை
யாவர்க்குமாம் பசுவுக்கு ஒரு வாயுறை
யாவர்க்குமாம் உண்ணும்போது ஒரு கைப்பிடி
யாவர்க்குமாம் பிறர்க்கு இன்னுரை தானே."

நாலு வரியிலும் 'யாவர்க்குமாம்' என்று தொடங்குகிறார். எல்லாராலும் முடியும் என்கிறார். அளவைப் பாருங்கள். ஓர் இலை, ஒரு வாய்ப் புல், ஒரு பிடி, ஒரு சொல். ஜன்னல் கிரில்லில் ஒரு துளசித் தொட்டி வைக்க இடமிருந்தால் முதல் வரி முடிந்தது. இரண்டாவது வரிக்கு, கோயில் வாசலில் பசுவோடு உட்கார்ந்து புல்கட்டு விற்கிற அம்மாவை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். மூன்றாவதிலும் நாலாவதிலும்தான் நான் கொஞ்சம் நிற்க வேண்டும்.

திருநெல்வேலியில் எங்கள் அம்மா உலை வைக்கும்போது, அரிசியை அளந்து பானையில் போட்டபிறகு, அதிலிருந்தே ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவாள். அளப்பதற்கு முன்னால் எடுக்க மாட்டாள். சின்ன வயதில் எனக்கு இது புரியவில்லை. மூட்டையிலிருந்து எடுத்தால் என்ன என்று கேட்டேன். "நமக்குன்னு அளந்ததுல ஒரு பிடி குறையணும்டி" என்றாள். மிச்சம் இருந்தால் கொடுப்பது ஒன்று, நம் பங்கில் குறைத்துக் கொடுப்பது வேறு. திருமூலர் 'உண்ட பிறகு' என்று சொல்லவில்லை, 'உண்ணும்போது' என்கிறார்.

காஞ்சி மகா பெரியவர் சொன்ன பிடியரிசித் திட்டம் உங்களில் பலருக்குத் தெரியும். தினமும் சமைக்குமுன் ஒரு பிடி அரிசி, கூடவே ஒரு காசு. வாரத்துக்கு ஒருமுறை அந்தப் பேட்டைக்காரர்களே சேகரித்துக் கோயிலில் நைவேத்தியம் செய்து ஏழைகளுக்குப் போட வேண்டும். வடலூரில் வள்ளலார் 1867-இல் தருமசாலையில் ஏற்றிய அடுப்பு இன்றைக்கும் அணையாமல் எரிகிறது. அந்த அடுப்புக்கும் அன்பர்கள் அரிசி கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். என் கைக்கு ஒரு பிடி ஏறக்குறைய 50 கிராம். மாதம் ஒன்றரைக் கிலோ. ஒரு கட்டடத்தில் இருபது வீடு சேர்ந்தால் 30 கிலோ. நம் வீட்டில் யாருக்கும் பசி கூடியதாகத் தெரியாது.

இதில் மனசு ஒட்ட வேண்டும் என்கிற நிபந்தனையே இல்லை பாருங்கள். தூக்கக் கலக்கத்தில் எடுத்தாலும் அந்தப் பிடி யாரோ ஒருவர் வயிற்றுக்குப் போகிறது. மனசு வராத நாளில் கை செய்யட்டும்.

சரி, கையை அசைக்கவே இடமில்லாத இடத்தில் என்ன செய்வது? காலை நேரத்து ரயிலின் மகளிர் பெட்டியை நினைத்துக்கொள்கிறேன். அங்கேதான் எனக்குத் திருநின்றவூர் பூசலார் துணைக்கு வந்தார். கோயில் கட்ட ஆசைப்பட்டு, பொருள் தேடிக் கிடைக்காமல், மனசுக்குள்ளேயே கட்டினவர். பெரியபுராணத்தில் நாம் வழக்கமாக வியக்கிற இடம், காஞ்சியில் கற்கோயில் எடுத்த பல்லவ மன்னன் காடவர்கோன் கனவில் சிவன் வந்து, "நாளை பூசலன் கட்டிய ஆலயத்துள் புகுகிறேன், நீ குடமுழுக்கை வேறொரு நாளில் வைத்துக்கொள்" என்று சொல்வது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அவர் கட்டின முறை. நல்ல நாள் பார்த்து அஸ்திவாரம் போடுகிறார், சிகரம் வைக்கிறார், கிணறு தோண்டுகிறார், மதில் எழுப்புகிறார், குளம் வெட்டுகிறார். நேற்று விட்ட கல்லிலிருந்து இன்றைக்குத் தொடர்கிறார்.

எனக்குக் கட்டத் தெரியாது. அதனால் எங்கள் ஊர் நெல்லையப்பர் கோயிலில் நடந்தேன். டோம்பிவிலியில் ஏறியதும் கோபுர வாசல். தாணேயில் கொடிமரமும் பெரிய நந்தியும். காட்கோபர் வரும்போது மணி மண்டபத்து இசைத்தூண்கள். குர்லாவில் சுவாமி சந்நிதி. தாதரில் பாதிக் கூட்டம் இறங்கி மூச்சு விட இடம் கிடைக்கும்போது சங்கிலி மண்டபம் வழியாக காந்திமதி அம்மன் சந்நிதிக்குப் போவேன். நடுவில் யாராவது காலை மிதிப்பார்கள், சண்டை வரும், நினைவு அறுந்துபோகும். பரவாயில்லை. சாயங்காலம் திரும்பும்போது அறுந்த இடத்திலிருந்து நடப்பேன். உங்கள் ஊர்க் கோயில் எதுவோ, அதில் நடந்து பாருங்கள். சந்நிதியெல்லாம் வரிசையாக நினைவில் இருக்கும்.

பக்கத்துப் பெட்டியில் நம் மராட்டி சகோதரர்கள் தாளம் தட்டி அபங்கம் என்கிற மராட்டி பக்திப் பாட்டைப் பாடிக்கொண்டு வருவார்கள். "காந்தா முளா பாஜி, அவகீ விடாபாயி மாஜி." வெங்காயம், முள்ளங்கி, கீரை எல்லாமே என் விட்டல அன்னைதான் என்கிறார் மராட்டிய அடியார் சாவதா மாளி. அவர் தோட்டக்காரர். விட்டலன் கோயில் இருக்கிற பண்டரிபுரம் போகவில்லை. பாத்தியை விட்டு வரவில்லை, அந்த விட்டலன், பாண்டுரங்கனே தோட்டத்துக்கு வந்தான் என்பார்கள். அந்தப் பாட்டு காதில் விழ, எங்கள் பெட்டியில் பெண்கள் மடியில் பேப்பரை விரித்துப் பட்டாணி உரித்துக்கொண்டிருப்பார்கள். அதற்கு மேல் எனக்கு உரை தேவைப்பட்டதில்லை.

இனி நாலாவது வரி. இதைச் சொல்லாமல் போனால் நான் பேசியது பொய்யாகிவிடும். போகிறபோதும் வருகிறபோதும் இவ்வளவு கோயில் சுற்றினவள், ஒருநாள் வீட்டுக்குள் நுழைந்ததும் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்ததைப் பார்த்து என் மாமியாரை ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். என்ன வார்த்தை என்று இங்கே சொல்ல மாட்டேன். அவருக்கு அப்போது கண் பார்வை மங்கத் தொடங்கியிருந்தது. எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. பதில் பேசாமல் துணியை எடுத்து மேடையைத் தடவித் தடவித் துடைத்தார். அந்தக் கை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

மறுநாளிலிருந்து ஒரு வழக்கம் வைத்தேன். கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றும்போது ஐந்தெழுத்தை ஐந்து தடவை சொல்லிவிட்டுத்தான் மணி அடிப்பேன். உள்ளே போய்ச் சொல்கிற முதல் வார்த்தை விசாரிப்பாக இருக்க வேண்டும். "சாப்பிட்டீங்களா அத்தை?" அவ்வளவுதான். எத்தனையோ நாள் தவறியிருக்கிறேன். இலையும் புல்லும் அரிசியும் கையில் இருப்பதைக் கொடுப்பது. இன்சொல், நாள் முழுக்கக் கூட்டத்தில் இடிபட்டு ஒன்றுமே மிச்சமில்லாதபோது கொடுக்க வேண்டியது. அதனால்தான் திருமூலர் அதைக் கடைசியில் வைத்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தத் தங்கை எங்கே உட்கார்ந்திருக்கிறாய்? நாளைக்கே எல்லாவற்றையும் தொடங்காதே அம்மா. அரிசியை மட்டும் எடு, ஒரு மண்டலம். தவறிப்போனால் மறுநாள் எடு, இரட்டிப்பாக எடுக்க வேண்டாம்.

பஜனைக்காரர்கள் சுருதி சேர்த்துவிட்டார்கள். ஒரே ஒரு அறிவிப்பு. வெளியே செருப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு எவர்சில்வர் டிரம் இருக்கிறது. ஒன்று பச்சரிசிக்கு, ஒன்று புழுங்கலுக்கு. கலந்து போட்டுவிடாதீர்கள். பரேல் பக்கம் வைத்தியத்துக்கு வந்து நடைபாதையில் தங்கியிருக்கும் குடும்பங்களுக்குச் சனிக்கிழமை காலை சமைத்துக் கொண்டுபோகிறார்கள். கரண்டி பிடிக்க நாலு பேர் வேண்டும், ஏழு மணிக்கு.