பஞ்சாங்கத்தை வாசிச்சால் ஆர் சிரிப்பினம்?

(பட்டிமன்றத் தலைப்பு: இயக்குநர் ஸ்ரீதரின் நகைச்சுவை இன்றும் நிலைத்திருக்கக் காரணம் எழுத்தே! நடிப்பே! – எழுத்தே அணியின் நிறைவுப் பேச்சு)

நடுவர் ஐயா அவர்களுக்கும், இருக்கக் கதிரை இல்லாமல் வாசல் மட்டும் நிக்கிற சபையோருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னம் பேசின எதிரணித் தம்பி கடைசியா ஒண்டு சொல்லிப்போட்டுப் போய் இருந்தவர். “எழுத்து எழுத்தெண்டு கத்துறியள், நாகேஷின்ர கையில வாக்கிய பஞ்சாங்கத்தைக் குடுத்து வாசிக்கச் சொன்னாலும் சனம் விழுந்து விழுந்து சிரிக்கும்” எண்டார். நீங்களும் கை தட்டினீங்கள். அந்தக் கைதட்டு ஓயமுதல் எனக்கு மணி அடிச்சிட்டுது. ஸ்ரீதர் 1954இல ‘எதிர்பாராதது’ படத்துக்குக் கதை எழுதினது, 1959இல ‘கல்யாண பரிசு’ மூலம் இயக்குநர் ஆனது, பிறகு ‘சித்ராலயா’ எண்டு சொந்தமாப் படக் கம்பெனி துவங்கினது எல்லாத்தையும் எங்கட அணியில முதல் பேசினவை வடிவாச் சொல்லிட்டினம். நான் இந்தப் பஞ்சாங்கத்துக்குப் பதில் சொல்லாமல் இருக்கப் போறதில்லை.

தம்பி, பஞ்சாங்கத்தைக் குடுப்பம். நாகேஷ் திறக்கிறார். ‘அட்டமி, பகல் பத்து நாழிகை வரை, அதன்மேல் நவமி’ எண்டு வாசிக்கிறார். முகத்தைக் கோணுறார், கழுத்தை நீட்டுறார். சனம் சிரிக்கும், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. எவ்வளவு நேரம் சிரிக்கும்? அரை நிமிசம். ஒரு நிமிசம் எண்டே வைப்பம். ரண்டாம் நிமிசம் முன்வரிசையில ஒராள் கொட்டாவி விடுவார். மூண்டாம் நிமிசம் பெடியள் கச்சான் வாங்க வெளிய போவினம். ஏன்? அட்டமிக்குப் பிறகு நவமிதான் வரும் எண்டு எல்லாருக்கும் தெரியும். அடுத்தது என்னவோ எண்ட ஏக்கம் அதில இல்லை. அந்த ஏக்கத்தை நடிகர் வீட்டில இருந்து கொண்டு வாறேல்லை. அது எழுதுறவன் வைக்கிறது.

இப்ப ‘காதலிக்க நேரமில்லை’க்கு வாருங்கோ. 1964ஆம் ஆண்டுப் படம். இந்த மண்டபத்தில ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ எண்டு சொன்னாலே சிரிப்பு வருது, பாருங்கோ, இப்பவும் வருது! நாகேஷ் அதில செல்லப்பா எண்ட பெடியன், சினிமாப் பைத்தியம்; ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் அவன்ர படக் கம்பெனி. தகப்பன் விஸ்வநாதன், தோட்டம் வைச்சிருக்கிற பணக்காரர், பாலையா. மகனின்ர சினிமாவைக் கண்ணிலயும் காட்டேலாது அவருக்கு. மகனுக்குக் காசு வேணும். தகப்பனை இருத்தி வைச்சு ஒரு பேய்க்கதை சொல்லுறார். கையில ஒண்டுமில்லை. பஞ்சாங்கம்கூட இல்லை. கதவு கிறீச்சிடுறது, காலடி வாறது எல்லாம் வாயாலதான். கதை கேக்க இருக்கேக்க அந்த மனுசன் இவன் என்னத்தைக் கிழிக்கப் போறான் எண்ட மாதிரி இருக்கிறார். கொஞ்ச நேரத்தில கண் சுத்திப் பாக்குது. பிறகு உடம்பு ஒடுங்குது. பிறகு பயம் முகத்தில வந்து குந்தியிட்டுது.

இந்தக் காட்சி எங்கயிருந்து வந்தது எண்டு தெரியுமோ? தாதா மிராசி எண்டு ஒரு இயக்குநர். ‘ரத்தத் திலகம்’, ‘புதிய பறவை’ எடுத்தவர். அவர் கதை சொன்னால் சத்தமெல்லாம் தானே போட்டுச் சொல்லுவாராம். அப்பிடி அவர் சொன்ன ஒரு கதையைக் கேட்டதில இருந்துதான் இந்தக் காட்சி பிறந்தது. ஸ்ரீதரின்ர சிநேகிதன், கூட இருந்து எழுதினவர், சித்ராலயா கோபு. அவர் சொன்ன விசயம் இது.

சபையோரே, ஒருக்கா நினைச்சுப் பாருங்கோ. ஒரு அறை. ஒருத்தர் கதை சொல்லுறார், காத்தும் அவர்தான், கதவும் அவர்தான், செத்த பிணமும் அவர்தான். முன்னால இருந்து ரண்டு பேர் கேக்கினம். எதிரணி சொல்லுறபடி பாத்தால் பகிடி அங்கயே முடிஞ்சுது, நடிப்பு முழுக்க அங்கயே இருந்தது! நானோ நீங்களோ எண்டால் என்ன செய்வம்? வெளிய வந்து நாலு பேருக்குச் சொல்லிச் சிரிச்சிட்டு மறந்துபோவம். இவை என்ன செய்தவை? மூண்டே மூண்டு மாத்தம். கதை சொல்லுறவனைக் காசுக்கு ஏங்குற மகனாக்கினவை. கேக்கிறவரைக் காசு குடுக்க மாட்டன் எண்டு நிக்கிற தகப்பனாக்கினவை. இந்த ரண்டு பேரும் ஆரெண்டு சனத்துக்கு நல்லாப் பழகின பிறகு, படத்தின்ர சரியான இடத்தில காட்சியைக் கொண்டுபோய் வைச்சவை. அதுக்குப் பேர்தான் எழுத்து, நடுவர் ஐயா.

திருப்பியும் அதே காட்சி. எல்லாரும் நாகேஷைத்தான் சொல்லுறம். அந்தக் காட்சியில சிரிப்பு எந்த முகத்தில இருக்கு எண்டு பாருங்கோ. பாதிக்கு மேல பாலையாவின்ர முகத்தில. பாலையா என்ன கதைக்கிறார்? கிட்டத்தட்ட ஒண்டும் இல்லை! நாடகமேடையில ஊறின நடிகர், ஒரு வசனத்தைக் குடுத்தால் நாலு விதமாப் பேசிக் காட்டக்கூடிய தொண்டை. அந்தத் தொண்டையை அந்த இடத்தில பேசவேண்டாம் எண்டு மூடினது எழுத்து. பகிடி எழுதுறதில ஆரைப் பேச விடுறது எண்டது பாதி வேலை. ஆரைப் பேசாமல் வைக்கிறது எண்டது மிச்சப் பாதி.

இதைப் பள்ளிக்கூடக் கலைவிழாவில போட்டுப் பாத்த ஆக்கள் இந்தச் சபையில கட்டாயம் இருப்பினம். அனேகமா ஏன் பிழைக்கிறது எண்டு சொல்லட்டோ? கதை சொல்லுற பெடியன் திறமாத்தான் செய்வான். தகப்பன் வேசம் போட்ட பெடியனுக்குச் சும்மா இருக்க ஏலாது. ரண்டு பகிடி தானும் விடவேணும் எண்டு வாயைத் திறப்பான். இல்லாட்டி முதல் சத்தத்துக்கே கதிரையால துள்ளி எழும்பிடுவான். முதலே துள்ளினால் பிறகு என்ன செய்யிறது? ஏற இடம் இல்லை. முதல் சத்தத்துக்கு அலட்சியம், ரண்டாவதுக்குக் கண் மட்டும், மூண்டாவதுக்குக் கை கதிரையைப் பிடிக்கவேணும், கடைசியிலதான் முழு உடம்பும். இந்த ஏணிப்படி மாறினால், ஐயா, நாகேஷே வந்து கதை சொன்னாலும் சபை சிரிக்காது.

தம்பி அங்க இருந்து ‘பாலையாவும் நடிகர்தானே’ எண்டு கை காட்டுறார். சரி. நடிகரை முழுக்க மாத்துவம். 1966இல இதே படம் ஹிந்தியில ‘பியார் கியே ஜா’. இயக்கினதும் ஸ்ரீதர்தான். நாகேஷ் இல்லை, மெஹ்மூத். பாலையா இல்லை, ஓம் பிரகாஷ். பாசை வேற, சனம் வேற, சாப்பாடு வேற. அந்தப் பேய்க்கதைக்கு அங்கயும் சனம் சிரிச்சுது. மெஹ்மூத்துக்கு அந்தப் படத்துக்கு ஃபிலிம்பேர் விருதும் கிடைச்சுது. முகம் மாறிச்சு, குரல் மாறிச்சு, பாசை மாறிச்சு. மாறாமல் நிண்டது என்ன? நீங்களே சொல்லுங்கோ. (சபையில இருந்து சொல்லுறது கேக்குது, நன்றி.)

மற்றப் படங்களையும் கெதியாச் சொல்லுறன். ‘கல்யாண பரிசு’ – தங்கவேலு. வேலை இல்லாத மனுசன், மனிசியிட்டத் தனக்கு மன்னார் அண்ட் கம்பெனியில வேலையெண்டு பொய். அந்தப் பொய் கிழியப் போகேக்க எழுத்தாளர் பைரவன் நான்தான் எண்டு அதைவிடப் பெரிய பொய். ஒரு பொய்யைக் காப்பாத்த அடுத்த பொய், அதைக் காப்பாத்த இன்னொண்டு. ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ – 1962, கதை முழுக்க ஆசுப்பத்திரிக்குள்ள. அதே நாகேஷ் அங்க வாட்போய். பக்கத்து அறையில புற்றுநோய்க்காரர் படுத்திருக்கிறார். அங்க நாகேஷ் செல்லப்பா மாதிரித் துள்ளினால் படம் செத்துப்போகும். துள்ளேல்லை. ஒரே ஆள், ரண்டு அளவு. அளந்து குடுத்த கை எழுதினவன்ர கை.

‘காதலிக்க நேரமில்லை’யின்ர முடிச்சை ஒரு நிமிசம் அவிழ்த்துப் பாப்பம். வேலை போன ரவிச்சந்திரன் தான் பெரிய பணக்காரன்ர மகன் எண்டு பாலையாவிட்டப் பொய் சொல்லுறார். அந்தப் பணக்காரத் தகப்பனா நடிக்கச் சிநேகிதன் முத்துராமனைக் கூட்டி வாறார். முத்துராமன் காதலிக்கிறதோ அதே பாலையாவின்ர மற்ற மகளை! மாப்பிள்ளையா வரவேண்டிய வயசில தாடி நரைச்ச சம்பந்தியா வந்து குந்தியிருக்கிறார். இந்த நிலையில ஆரைக் கொண்டு வந்து விட்டாலும் சிரிப்பு வரும். கதவைத் திறந்து ஒராள் உள்ள வந்தாலே சிரிப்பு, ஏனெண்டால் வாற ஆள் ஆரெண்டு உள்ள இருக்கிறவைக்கு வேற வேற விதமாத் தெரியும். அதை நடிச்சு உண்டாக்கேலாது.

முதல் மணி அடிச்சிட்டுது. ஐயா, இன்னும் கொஞ்சம் தாருங்கோ, இதைச் சொல்லாமல் இறங்கினால் இந்த ஊரில பேசினதாகாது.

90களில, சண்டைக் காலத்தில, எங்கட ஊரில கரண்ட் இல்லை. பற்றரி தடைசெய்த சாமான். அந்தக் காலத்துச் சனம் சைக்கிளைக் கவிட்டு வைச்சு, டைனமோவை ரயரில முட்ட விட்டு, வயரை றெக்கோடருக்குக் குடுத்துப் பாட்டுக் கேட்டது. டைனமோ 6 வோல்ற், நாலு பற்றரி போடுற றெக்கோடருக்கு அது காணும். ஆனால் அதில வாறது ஏசி. நேரே குடுத்தால் வேலைக்காகாது. தெரிஞ்ச பெடியள் நாலு டயோட்டும் ஒரு கப்பாசிற்றரும் போட்டு டிசி ஆக்கிக் குடுப்பாங்கள். ஒராள் இருந்து பெடலைக் கையால சுத்தவேணும். ஒரே வேகம். கை தளர்ந்தால் குரல் இழுபட்டுக் கொண்டு கீழ போகும். ஆவேசமாச் சுத்தினால் வோல்ற் ஏறி றெக்கோடர் சுட்டுப்போகும்.

இப்ப அதில பழைய படத்து வசனம் பதிஞ்ச ஒரு கசெட் ஓடுது எண்டு வையுங்கோ. விளக்குக்கு மண்ணெண்ணெய் இல்லை, இருட்டு. சுத்தி இருக்கிறவை எல்லாரும் சிரிக்கினம். பெடல் சுத்துறவனுக்கு மட்டும் சிரிக்க ஏலாது! சிரிச்சால் கை நிண்டுபோம், கை நிண்டால் குரல் இழுபடும், எல்லாரும் ஏசுவினம். பல்லைக் கடிச்சுக்கொண்டு சுத்துவான். கடைசியா ஏலாமல் அவனும் சிரிச்சிடுவான், குரல் ‘ஊ…’ எண்டு இழுபட்டு நிண்டுபோம், அதுக்கும் சேத்து இன்னொரு சிரிப்பு. பிறகு வேற ஒராள் மாறி இருப்பார், அந்த இடத்தில இருந்து திருப்பியும் துவங்கும்.

அந்த இருட்டில எந்த முகத்தை, ஐயா, பாத்தவை? கோணின வாயும் இல்லை, நீட்டின கழுத்தும் இல்லை. அண்டைக்குச் சிரிச்ச சனத்தில எத்தினை பேர் இண்டைக்கு எங்களோட இல்லை. எத்தினை பேர் எந்தெந்த நாட்டிலயோ. அவை சிரிச்ச அந்தச் சிரிப்பு அவைக்குக் கிடைச்சது. அதை ஒரு தடையும் மறிக்கேல்லை. மனுசர் அழ நூறு காரணம் இருந்த இடத்துக்கு, சிரிக்க ஒரு காரணத்தை எழுதி அனுப்பின மனுசரை நாங்கள் நடிகருக்குப் பின்னால நிறுத்திறது நியாயமோ?

செங்கல்பட்டில ஒரே பள்ளிக்கூடத்தில படிச்ச சிநேகிதர் ரண்டு பேர், ஸ்ரீதரும் கோபுவும். பள்ளிக்கூட நாடகத்தில சேர்ந்தவை, மெரினாக் கடற்கரையில இருந்து கதை பேசிப் பேசிப் படமாக்கினவை. ஒராள் தன்ர கம்பெனிக்குச் சித்ராலயா எண்டு பேர் வைச்சார். மற்றவர் அந்தப் பேரைத் தன்ர பேருக்கு முன்னால வைச்சுக்கொண்டார். ‘காசேதான் கடவுளடா’வைத் தானே இயக்கி, தனக்கெண்டு பேர் எடுத்த பிறகும் அவர் சித்ராலயா கோபுதான். ஸ்ரீதர் கடைசிக் காலத்தில பக்கவாதம் வந்து கிடந்தார். அவ்வளவு பேரைச் சிரிக்க வைச்ச மனுசன். 2008 ஒக்ரோபரில போயிட்டார்.

ரண்டாம் மணியும் அடிச்சாச்சு. நடுவர் ஐயா, தீர்ப்புச் சொல்லேக்க அந்த ரண்டு சிநேகிதரின்ர பேரையும் ஒருக்காச் சொல்லிச் சொல்லுங்கோ. வணக்கம்.