'நெ' என்றால் ஆமாம், 'ஞெ' என்றால் இல்லை! போலிஷ் மொழிக்கும் கிரேக்கத்துக்கும் என்ன தகராறு?

[திரையில்: ஒரு காபிக் கடை]

வணக்கம் மக்களே! ஒரு போலந்துக்காரர் ஏதென்ஸில் ஒரு கடைக்குள் நுழைந்து, "காபி இருக்கிறதா?" என்று கேட்கிறார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே "நெ" என்கிறார். நம்ம ஆள் முகம் வாடி வெளியே போய்விடுகிறார். ஏன்? கிரேக்கத்தில் 'நெ' என்றால் ஆமாம். போலிஷில் 'ஞெ' என்றால் இல்லை. அதோடு விட்டார்களா? போலிஷ் பேச்சு வழக்கில் 'நோ' என்று ஒரு சொல் இருக்கிறது. அதற்கு அர்த்தம் "ஆமாம்ப்பா". ஆங்கிலம் மட்டும் தெரிந்து வார்சாவில் இறங்குகிறவர் கதி என்ன, யோசித்துப் பாருங்கள்.

காபிக் கடை நான் கட்டிய கதை. ஆனால் இந்த இரண்டு மொழிக்கும் நடுவில் நிஜமாகவே வளர்ந்த பிள்ளைகள் உண்டு. 1946 முதல் 1949 வரை கிரேக்கத்தில் உள்நாட்டுப் போர். தோற்றுப்போன இடதுசாரித் தரப்பைச் சேர்ந்த ஆயிரக்கணக்கானவர்கள் போலந்துக்கு அகதிகளாக வந்தார்கள். ஜெர்மன் எல்லையோரம் இருக்கும் ஸ்கோஜெலெட்ஸ் நகரில் நிறையப் பேர் குடியேறினார்கள். வீட்டில் 'நெ', தெருவில் 'ஞெ'. போலந்தே கொண்டாடும் பாடகி எலெனி, அப்படி வந்த ஒரு கிரேக்கக் குடும்பத்தில் 1956இல் போலந்து மண்ணில் பிறந்தவர்.

சரி, வரலாற்றை வேகமாக முடித்துவிடுவோம், தூங்கிவிடாதீர்கள். இரண்டுமே இந்தோ-ஐரோப்பியக் குடும்பம். போலிஷுக்கு ரஷ்யன், செக் என்று பங்காளிகள் ஏராளம். கிரேக்கம் தனிக்கிளை. கிடைத்திருக்கும் மிகப் பழைய கிரேக்கம் மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழையது, களிமண் பலகைகளில் கீறியது. 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் என்ற கட்டடக் கலைஞர் அதைப் படித்துக்காட்டினார். உள்ளே காவியமா இருந்தது? ஆட்டுக் கணக்கு, எண்ணெய்க் கணக்கு! போலிஷில் எழுதப்பட்ட முதல் வாக்கியம் என்று சொல்லப்படுவதோ, 1270 வாக்கில் ஹென்ரிகுஃப் மடத்தில் லத்தீனில் எழுதிய ஒரு நூலுக்குள் ஒளிந்திருக்கிறது. திருகை சுற்றிக்கொண்டிருக்கும் மனைவியிடம் கணவன் சொல்கிறான்: "கொடு, நான் அரைக்கிறேன், நீ ஓய்வெடு." கணவன்மார்களே, ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

[திரையில்: எழுத்துகள்]

எழுத்தில்தான் ஒரு வேடிக்கை. ஒன்பதாம் நூற்றாண்டில் கிரேக்கத்தின் தெசலோனிக்கி நகரத்து அண்ணன் தம்பி இருவர், மெத்தோடியஸும் சிரிலும், போலிஷின் பங்காளி மொழிகளைப் பேசும் ஸ்லாவிய மக்களுக்கு எழுத்து உண்டாக்கக் கிளம்பினார்கள். அந்த வழியில் வந்ததுதான் கிரேக்க எழுத்தை ஒட்டிய சிரிலிக். ரஷ்யர், பல்கேரியர், செர்பியர் எல்லாம் அதை எடுத்துக்கொண்டார்கள். போலந்து மட்டும்? 966இல் அதன் தலைவர் முதலாம் மியெஷ்கோ லத்தீன் திருச்சபை வழியாக ஞானஸ்நானம் பெற்றார், லத்தீன் எழுத்தும் கூடவே வந்தது. போலிஷின் 'ஷ்', 'ச்', 'ஜ்' சத்தங்களுக்கெல்லாம் அதில் இடம் போதவில்லை. வால், கோடு, புள்ளி போட்டு ஒன்பது எழுத்துகளைச் சேர்த்து 32 ஆக்கினார்கள். என்னைக் கேட்டால் சிரிலிக்கே சௌகரியமாக இருந்திருக்கும். போலந்து நண்பர்கள் கமெண்டில் திட்டலாம்.

கிரேக்கத்துக்கு 24 எழுத்துதான். ஆனால் 'இ' சத்தத்தை மட்டும் ஆறு விதமாக எழுதுவார்கள். சுகாதாரத்துக்கு அவர்கள் சொல் 'இயிஇனி'. அதில் நான்கு 'இ' வருகிறது, நான்கையும் நான்கு விதமாக எழுதுவார்கள்! நமக்கு ல, ள, ழ கஷ்டம் என்று புலம்புகிறோம். அப்புறம், நாம் அரைப்புள்ளி போடும் குறிதான் அங்கே கேள்விக்குறி. சக புரோகிராமரின் கோடில் அரைப்புள்ளியை எடுத்துவிட்டு கிரேக்கக் கேள்விக்குறியை வைத்தால் போதும், பார்க்க அச்சு அசல் அதுவே, ஆனால் நிரல் ஓடாது. செய்துவிட்டு என் பெயரைச் சொல்லாதீர்கள்.

வேற்றுமை: போலிஷில் ஏழு, கிரேக்கத்தில் நான்கு. எட்டு வைத்திருக்கும் நாம் வாய் திறக்கக் கூடாது.

[திரையில்: ஆண்கள், பெண்கள், மேசைகள், பூனைகள்]

இனி வருவதுதான் எனக்குப் பிடித்த இடம். கிரேக்கத்தில் 'இருந்தான்' ஆனாலும் 'இருந்தார்கள்' ஆனாலும் ஒரே சொல்: 'ஈத்தான்'. ஒருவரோ நூறு பேரோ, ஆணோ பூனையோ, வேலை முடிந்தது. போலிஷில் பன்மைக்கு ஒரு திணைப் பிரிவு உண்டு. நம் இலக்கணத்தில் மனிதர் எல்லோரும் உயர்திணை. அங்கே ஆண்கள் மட்டும்! ஆண்கள் இருந்தால் 'பிலி'. பெண்கள் இருந்தால் 'பிவி'. மேசைகள் இருந்தாலும் 'பிவி', நாய்கள் இருந்தாலும் 'பிவி'. 99 பெண்களோடு ஒரே ஓர் ஆண் வந்து நின்றால், மொத்தக் கூட்டமும் 'பிலி' ஆகிவிடும். அநியாயம்தானே?

பொறுங்கள், எண்ணிக்கையைச் சேர்த்துச் சொன்னால் இந்தத் திமிர் நான்கு வரைதான். 'ஐந்து ஆண்கள்' என்று சொன்னதும் வினைச்சொல் 'பிவோ' ஆகிவிடும். அது அஃறிணை ஒருமை. அதாவது "ஐந்து ஆண்கள் இருந்தது"! நான்கு பேருக்கு மரியாதை, ஐந்தாவது ஆள் வந்ததும் எல்லோரும் கல், மண் மாதிரி. இதற்கே இந்த மொழிக்கு ஒரு லைக் போடலாம்.

பூனைகளும் தப்பவில்லை. 2, 3, 4 என்றால் 'கோத்தி'. 5 முதல் 21 வரை 'கோத்தூஃப்'. முடிந்ததென்று நினைத்தால் 22, 23, 24க்குத் திரும்பவும் 'கோத்தி'. 25இலிருந்து மறுபடி 'கோத்தூஃப்'. கடைசி இலக்கம் 2, 3, 4 என்றால் 'கோத்தி', ஆனால் 12, 13, 14இல் முடிந்தால் விதிவிலக்கு. பால் ஊற்றும் முன் இலக்கணம் பார்க்க வேண்டும்.

இப்போது உங்கள் முறை. 112 பூனைகளுக்கு கோத்தியா, கோத்தூஃபா? 122க்கு? கூகுள் பார்க்காமல் கமெண்டில் போடுங்கள், சரியாகச் சொன்ன முதல் ஆளை பின் செய்கிறேன்.