‘சின்ன கேஸ்’

நேயர்களுக்கு வணக்கம்.

குழந்தைகளுக்கான மூளை அறுவை மருத்துவராக எத்தனை வருடம் படிக்க வேண்டும் என்று பிளஸ் டூ பிள்ளைகள் கேட்பதுண்டு. எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம். அப்புறம் எம்.எஸ். பொது அறுவை 3 வருடம், அதற்கு மேல் எம்.சிஎச். நரம்பியல் அறுவை 3 வருடம். எம்.பி.பி.எஸ். முடித்து நேரே 6 வருடப் பயிற்சியில் சேர்கிற வழியும் உண்டு. கடைசியில், குழந்தைகளுக்கென்று ஒரு ஃபெல்லோஷிப், அதாவது தனிச் சிறப்புப் பயிற்சி. நடுவில் நுழைவுத் தேர்வுக்காக உட்கார்ந்து படிக்கிற வருடங்களை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. இதெல்லாம் முடிவதற்குள், கூடப் படித்த இன்ஜினியர் வீடே கட்டி முடித்திருப்பார்!

இந்தத் துறைக்கு நம்மூரில் நல்ல வேர் உண்டு. 1949-இல் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி நாட்டின் முதல் நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கினார். மறு வருடமே சென்னை பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி தொடங்கினார்.

சரி, குழந்தைகளுக்கு எதற்குத் தனிப் பயிற்சி? 3 கிலோ எடையுள்ள பச்சிளம் குழந்தையின் உடம்பில் மொத்த ரத்தமே கால் லிட்டர்தான். பெரியவர்களுக்கு 50 மில்லி போனால் நாங்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இந்தக் குழந்தைக்கு அது ஐந்தில் ஒரு பங்கு. அதனால் நனைந்த துணியைக்கூட எடை போட்டு, எவ்வளவு போயிருக்கிறது என்று பார்க்கிறோம். குழந்தைக்குக் குளிரக் கூடாது என்று ஏசியைக் குறைத்துவிடுவதால், கவுனுக்குள் எங்களுக்கு வேர்த்துக் கொட்டும்.

மூளைக் கட்டி, முதுகுத்தண்டுக் குறை என்று எத்தனையோ இருந்தாலும் எங்கள் அன்றாடப் பிழைப்பு ஷண்ட் என்கிற வடிகுழாய்தான். மூளைக்குள் இருக்கும் அறைகளில் நீர் சுரந்துகொண்டே இருக்கும். பெரியவர்களுக்கு நாளுக்கு அரை லிட்டர். அது வடிகிற வழி அடைத்துக்கொண்டால் குழந்தையின் தலை பெருக்கும். ஒரு மெல்லிய குழாயை மூளை அறையில் தொடங்கி, தோலுக்கு அடியிலேயே கழுத்து, மார்பு வழியாக இறக்கி, வயிற்றுக்குள் விடுகிறோம். பிள்ளை வளருமே என்று, வயிற்றுக்குள் கூடுதல் நீளமும் விட்டுவைப்போம். நீர் ஒரே பக்கமாகப் போக நடுவில் ஒரு வால்வு. 1950-களில் அமெரிக்காவில் இந்த வால்வை உருவாக்கிய ஜான் ஹோல்டர் மருத்துவரே இல்லை. பூட்டுக் கம்பெனியில் வேலை பார்த்தவர். மகன் கேசிக்குத் தலையில் நீர் கோத்ததும், அறுவை மருத்துவர் யூஜின் ஸ்பிட்ஸிடம் பேசி, தன் பட்டறையிலேயே செய்து பார்த்தார்.

பயிற்சிக் காலத்தில் இதைத்தான் ‘சின்ன கேஸ்’ என்பார்கள். ஒரு மணி நேர வேலை. ராத்திரியில் இளையவரிடம் விட்டுவிடலாம் என்பது வழக்கம். எனக்கு இதில் உடன்பாடே கிடையாது. வைக்கிற ஷண்டுகளில் ஏறக்குறைய பாதி இரண்டு வருடத்துக்குள் பழுதாகின்றன. அடைப்பு, கிருமித் தொற்று இரண்டும்தான் முக்கியக் காரணம். ஆகவே என் அறுவை அரங்கில் ஷண்ட்தான் அன்றைய முதல் கேஸ். உள்ளே ஆள் குறைவு, கதவைத் திறக்கக் கூடாது, குழாயைத் தொடுமுன் மேல் கையுறையை மாற்றியாக வேண்டும். மாணவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

கட்டியை எடுத்தவருக்குக் கைதட்டல் கிடைக்கும். ஷண்ட் வைத்தவருக்குக் கிடைப்பது ஒரு குடும்பம். கைக்குழந்தையாக வந்தவன் கல்லூரிக்குப் போன பிறகும் குழந்தைகள் பிரிவுக்கே வந்து நிற்பான். அந்த அம்மாக்கள் சொல்வதை நான் ஸ்கேனுக்குச் சமமாக எடுத்துக்கொள்வேன். “போன தடவை அடைச்சப்பவும் இப்படித்தான் டாக்டர், தூங்கிக்கிட்டே இருந்தான்” என்று ஒருவர் சொன்னால், அன்று இரவு அந்தப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்.

ஷண்ட் வைத்த பிள்ளை உள்ள வீட்டாருக்கு ஒன்று. வாந்தி, தலைவலி, வழக்கமில்லாத தூக்கம் இருந்தால் வயிற்றுக் கோளாறு என்று இரண்டு நாள் காத்திருக்க வேண்டாம். வரும்போது, பிள்ளை நன்றாக இருந்தபோது எடுத்த பழைய ஸ்கேனையும் கையோடு கொண்டுவாருங்கள். அதோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் மூளை அறை பெரிதாகியிருக்கிறதா என்பது எங்களுக்குத் தெரியும்.