ஏசியில் கேஸ் தீர்ந்துபோகுமா?

(காட்சி: சுவரில் ஸ்பிளிட் ஏசி. அடியில் ஒரு வாளி, அதில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.)

கத்திரி வெயில். ஏசியில் காற்று வருகிறது, குளிர் இல்லை. மெக்கானிக் வருகிறார், மூடியைக்கூடத் திறக்காமல் சொல்கிறார்: "கேஸ் இல்ல சார்." எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பணம் கொடுத்துக் கேஸ் போட்டோம், குளிர் மட்டும் வரவில்லை. அடுத்து வந்தவர் ஃபில்டரைக் கழற்றி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். ஒரு பொட்டு வெளிச்சம் ஊடுருவவில்லை.

(காட்சி: செம்புக் குழாய்கள் வழியே கேஸ் சுற்றிவரும் படம்.)

ஸ்கூட்டர் பெட்ரோல் மாதிரி ஏசி கேஸ் செலவாவதில்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் வருடக்கணக்காகச் சுற்றுகிறது. உள்ளே இருக்கும் காயிலில், அதாவது வளைந்து வளைந்து போகும் குழாயில், அறையின் சூட்டை வாங்கி, வெளியே இருக்கும் காயிலில் இறக்கி வைக்கிறது. அது குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். அதனால் "கேஸ் போடணும்" என்றால், "எங்கே லீக்?" என்று கேளுங்கள். ஓட்டையை அடைத்து, நைட்ரஜன் ஏற்றிச் சோதித்து, வேக்குவம் பம்ப்பால் உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்த பிறகுதான் கேஸ். எத்தனை கிராம் என்பது அவுட்டோர் யூனிட் ஸ்டிக்கரிலேயே இருக்கும். ஓட்டையை விட்டுவிட்டுக் கேஸ் மட்டும் ஏற்றினால், அதுவும் அதே வழியாகப் போய்விடும்.

(காட்சி: குழாயடியில் ஃபில்டரைக் கழுவும் கை.)

ஏசி தினமும் ஓடும் மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் பிளாஸ்டிக் வளைந்துவிடும். ஃபில்டர் அடைத்தால் காயில் மேல் போதிய காற்று படாது, காயிலில் பனி கட்டும். கேஸ் குறைந்தாலும் இதே பனிதான், குழப்பமே அங்குதான் தொடங்குகிறது. பனியைப் பார்த்தால் சுரண்டாதீர்கள். குளிரூட்டலை நிறுத்தி, ஃபேன் மோடில் உருக விட்டு, ஃபில்டரைக் கழுவிப் போட்டுப் பாருங்கள். மறுபடி கட்டினால் ஆளைக் கூப்பிடலாம்.

(காட்சி: பால்கனி. டிரெயின் பைப்பின் நுனி வாளித் தண்ணீருக்குள்.)

வீட்டுக்குள் தண்ணீர் சொட்டுகிறதா? பெரும்பாலும் டிரெயின் பைப்பில் பாசி அடைப்பு. இன்னொரு காரணமும் உண்டு. ஏசித் தண்ணீரை வாளியில் பிடித்து வீடு துடைப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் வாளி நிறைந்து பைப்பின் நுனி மூழ்கினால் தண்ணீர் இறங்கத் தடுமாறும். நுனியைச் சற்று உயரத்தில் கட்டுங்கள்.

(காட்சி: அவுட்டோர் யூனிட்டின் முன் காயும் போர்வை.)

இந்தப் போர்வையை முதலில் எடுங்கள். சூடு வெளியேறாவிட்டால் கம்ப்ரஸர் திணறும். பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரிக் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு உப்புக்காற்று வேறு அலுமினியத் தகடுகளை அரிக்கும், அங்கே அவுட்டோர் காயிலை இன்னும் அடிக்கடி கழுவ வேண்டும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மெதுவாகத் தண்ணீர் விட்டால் போதும், வேகமாக அடித்தால் தகடு மடங்கும். உள்ளே மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெபாசிட்டர் பக்கம் மட்டும் கை வேண்டாம், மின்சாரத்தை அணைத்த பிறகும் ஷாக் அடிக்கும்.

முழு சர்வீஸை பிப்ரவரியிலேயே முடித்துவிடுங்கள். மே மாதம் மெக்கானிக் போனை எடுப்பதே அபூர்வம்.