இருபத்தொரு வருடக் கெடு

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு கம்பெனி தெருவைத் தோண்டித் தண்டவாளம் போடுகிறது. வண்டி வாங்கி, ஆள் வைத்து, டிராம் ஓட்டுகிறது. 21 வருடம் கழித்து நகராட்சி வந்து, "இதை இனி நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்" என்கிறது. விலை என்ன? தேய்ந்த தண்டவாளமும் பழைய வண்டியும் அன்றைக்கு என்ன பெறுமோ அதுதான். தினமும் ஏறுகிற கூட்டத்துக்கோ, இனி வரப்போகும் லாபத்துக்கோ ஒரு பென்னி கிடையாது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1870-ல் கொண்டுவந்த டிராம்வே சட்டத்தின் 43-ஆம் பிரிவு இது. 21 வருடத்தில் நகராட்சி வாங்காமல் விட்டால், அப்புறம் ஏழு வருடத்துக்கு ஒருமுறை அந்த வாய்ப்பு திரும்ப வரும். இந்த விலைக் கணக்கு அநியாயம் என்று எடின்பரோவின் டிராம் கம்பெனி, அன்றைக்கு அந்த நாட்டின் கடைசி நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போய் வழக்காடி, 1894-ல் தோற்றது.

இப்படி ஒரு தீர்ப்பு வந்த பிறகு டிராம் தொழிலில் யார் பணம் போடுவார்கள் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் மறு வருடமே, ஊர் ஊராக டிராம் ஓட்டுவதற்கென்று லண்டனில் ஒரு கம்பெனி முளைத்தது. பிரிட்டிஷ் எலெக்ட்ரிக் டிராக்ஷன், சுருக்கமாக பி.இ.டி. 1895-ல் ஒரு முன்னோடிக் கம்பெனியாகத் தொடங்கி, 1896-ல் முழுக் கம்பெனியாகப் பதிவானது. அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

அதை உருவாக்கியவர் எமில் கார்க். 1856-ல் ஜெர்மனியில் பிறந்து, இளம் வயதில் இங்கிலாந்து வந்து, அந்த நாட்டுக் குடிமகன் ஆனவர். மின் இயந்திரங்கள் செய்யும் பிரஷ் நிறுவனத்தில் பெரிய பொறுப்பில் இருந்தார். தொழிற்சாலைக் கணக்கு எழுதுவது எப்படி என்று 1887-ல் இன்னொருவரோடு சேர்ந்து புத்தகமே போட்டவர். அடக்கவிலையைப் பைசா சுத்தமாகப் பார்க்கிற மூளை. அவர் கணக்கு இப்படி ஓடியிருக்க வேண்டும்: ஒரு குதிரை டிராம் நாள் முழுக்க ஓட, மாற்றி மாற்றிப் பூட்ட ஏறக்குறைய பத்துக் குதிரை வேண்டும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் அவற்றுக்குத் தீனி போட வேண்டும். நாலைந்து வருடத்தில் குதிரை ஓய்ந்துவிடும். மின்சாரம் வந்தால் இந்தச் செலவு அத்தனையும் போய்விடும். ஆனால் பழைய கம்பெனிகளுக்குக் கெடு முடியும் நேரம். யாரும் புதுசாக ஒரு ஆணிகூட அடிக்க மாட்டார்கள். குத்தகை நிலத்தில் தென்னங்கன்று வைப்பவர் உண்டா? வண்டிக்குப் பெயின்ட் இல்லை, தண்டவாளம் நொறுங்கிக் கிடக்கிறது. அப்படிப்பட்ட கம்பெனிகளை மலிவாக வாங்கி, நகராட்சியிடம் போய், "மின்சார டிராம் தருகிறேன், கெடுவைப் புதுப்பித்துக் கொடுங்கள்" என்று பேசினார் கார்க்.

பெரிய நகரங்கள் மசியவில்லை. கிளாஸ்கோ 1894-லேயே கம்பெனியை அனுப்பிவிட்டுத் தானே டிராம் ஓட்ட ஆரம்பித்து, அரை பென்னிக்கு டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த எந்த மாநகராட்சிக்குக் கம்பெனி வேண்டும்? கார்க் நகராட்சிகள் வியாபாரம் செய்யக் கூடாது என்று கடைசி வரை வாதாடினார். என்னைக் கேட்டால், பயணி பக்கம் நின்று பார்க்கும்போது கிளாஸ்கோ செய்ததுதான் சரி. ஆனால் கிளாஸ்கோவுக்கு இருந்த பணமும் ஆள்பலமும் சின்ன ஊர்களுக்குக் கிடையாது. பி.இ.டி. பிழைத்தது அந்த ஊர்களில்தான். மண்பாண்டத் தொழில் நடந்த ஸ்டோக் வட்டாரம், நிலக்கரியும் இரும்பும் நிறைந்த பிளாக் கன்ட்ரி, டைன் ஆற்றங்கரையில் கேட்ஸ்ஹெட், வேல்ஸில் மெர்தர் என்று புகை சூழ்ந்த ஊர்களாகப் பார்த்துப் பிடித்தது. ஒவ்வொரு ஊருக்கும் அந்த ஊர்ப் பெயரிலேயே தனிக் கம்பெனி. வண்டியில் ஏறுகிறவருக்கு அது உள்ளூர்க் கம்பெனி. பக்கவாட்டில் ஒரு காந்தமும் சக்கரமும் சேர்ந்த சின்னம் மட்டும் எல்லா ஊரிலும் ஒன்றாக இருக்கும்.

பழையதை வாங்கியதோடு நிற்காமல், கம்பெனி தானே புதிதாகப் போட்ட பாதைகளும் உண்டு. 1898-ல் கிடர்மின்ஸ்டரிலிருந்து ஸ்டவர்போர்ட்டுக்குப் போட்டது அதில் முதலாவது. எனக்குப் பிடித்தது 1901-ல் திறந்த கின்வர் பாதை. உலைக்களங்களின் கரியிலிருந்து புறப்பட்டு, வயல், காடு, ஓடை என்று போய்க் கின்வர் கிராமத்தில் முடியும். அங்கே செம்மணல் பாறையைக் குடைந்து செய்த வீடுகளில் அப்போதும் குடும்பங்கள் வசித்துக்கொண்டிருந்தன. விடுமுறை நாளில் தொழிலாளிகள் குடும்பம் குடும்பமாக, பக்கச் சுவரே இல்லாத திறந்த பெட்டிகளில் நெருக்கியடித்துக்கொண்டு அங்கே போவார்கள். மற்ற நாளில் அதே தண்டவாளத்தில் பால் கேன்களும் பார்சல்களும் ஊருக்குள் வரும். கின்வர் மாதிரியான பாதைகளுக்கு டிராம்வே சட்டத்தைத் தொடாமல், 1896-ல் வந்த இலகுரக ரயில்வே சட்டத்தில் அனுமதி வாங்கினார்கள். டிராம் சட்டத்தில் நகராட்சி ஒரு திட்டத்தை முளையிலேயே கிள்ளிவிடலாம். இதில் அவ்வளவு சுலபம் இல்லை.

கடல் தாண்டியும் போனார்கள். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 1902-ல் மின்சார டிராம் விட்டது பி.இ.டி.யின் துணைக் கம்பெனி. 1919-ல் நகராட்சி அதை எடுத்துக்கொண்டது. பம்பாயில் குதிரை டிராமை மின்சாரத்துக்கு மாற்றும் ஒப்பந்தத்தில் 1905 ஆகஸ்ட் 7 அன்று கையெழுத்துப் போட்டது, கார்க்கின் கைக்குள் இருந்த அதே பிரஷ் நிறுவனம். அதிலிருந்து வந்ததுதான் மும்பையில் பஸ் ஓட்டும் இன்றைய 'பெஸ்ட்'. பம்பாய் மாநகராட்சி அதை வாங்கியது 1947 ஆகஸ்ட் 7-ல். கூட்டிப் பாருங்கள், 42 வருடம், இரண்டு இருபத்தொன்று! சென்னை டிராம் 1895-லேயே மின்சாரத்தில் ஓடியது, ஆனால் அது வேறு கம்பெனி. இந்தக் கதையில் அதற்கு இடமில்லை.

சட்டத்தில் இன்னொரு முள் இருந்தது. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவிலும், வெளியே இரு பக்கமும் 18 அங்குலத்துக்கும், சாலையைக் கல் பாவிப் பராமரிப்பது கம்பெனியின் பொறுப்பு. குதிரைக் குளம்பு கல்லைப் பெயர்த்த காலத்தில் போட்ட விதி அது. குதிரை போன பிறகும் விதி போகவில்லை. 1920-களில் மோட்டார் பஸ் வந்தபோது நடந்ததைப் பாருங்கள். ஒற்றை பஸ் வைத்திருப்பவர்கூட, டிராம் கம்பெனி பராமரித்த சாலையிலேயே டிராமுக்கு ஒரு நிமிடம் முன்னால் போய், நிறுத்தத்தில் நிற்பவர்களை அள்ளிக்கொண்டு போய்விடுவார். ஸ்டோக் வட்டாரத்தில் இந்தத் தொல்லை தாங்க முடியாமல் போனது. அங்கே 1928-ல் டிராமை நிறுத்திவிட்டு, கம்பெனி தானும் பஸ்ஸுக்கு மாறிக்கொண்டது.

பஸ்ஸை அவர்கள் முன்பே தொட்டுப் பார்த்திருந்தார்கள். பர்மிங்ஹாமில் பஸ் ஓட்ட 1904-ல் ஒரு கம்பெனி பதிவு செய்தார்கள். பிற்காலத்தில் 'மிட்லண்ட் ரெட்' என்று பெயர் வாங்கியது அதுதான். முதலில் வாங்கிய மோட்டார் பஸ்கள் ஓடியதைவிடப் பழுதாகி நின்றதுதான் அதிகம். 1907-ல் அவற்றை ஓரம் கட்டிவிட்டு மறுபடியும் குதிரைக்கே போனார்கள்! 1912-ல் வந்த புது ரக பஸ்தான் கை கொடுத்தது. அதில் பெட்ரோல் எஞ்சின் ஒரு டைனமோவைச் சுற்றும். அந்த மின்சாரம் சக்கரத்தை ஓட்டும். கியர் மாற்றும் வேலையே கிடையாது என்பதால், நேற்றுவரை கடிவாளம் பிடித்தவர்கூட ஓட்டப் பழகிவிடலாம். இதற்குள் பர்மிங்ஹாமில் டிராம் கெடுக்கள் ஒவ்வொன்றாக முடிந்து, மாநகராட்சி பாதைகளை எடுத்துக்கொண்டிருந்தது. 1914-ல் இரு தரப்பும் சமாதானமாக ஒரு கோடு கிழித்துக்கொண்டன. நகருக்குள் மாநகராட்சி, வெளியூருக்குக் கம்பெனி. நகர எல்லைக்குள்ளேயே ஏறி இறங்குபவரிடம் கம்பெனி பஸ் டிராமைவிட அதிகக் கட்டணம் வாங்க வேண்டும். பி.இ.டி. அப்புறம் பெரிதாக வளர்ந்தது இந்தக் கோட்டுக்கு வெளியேதான். பஸ்ஸுக்குத் தண்டவாளமும் இல்லை, 43-ஆம் பிரிவும் இல்லை.

டிராம்கள் ஒவ்வோர் ஊராக நின்றன. கேட்ஸ்ஹெட்டில் நகராட்சி கடைசி வரை வாங்கவேயில்லை. அங்கே ஒற்றைத் தளப் பெட்டிகள் டைன் பாலம் ஏறி நியூகாசிலுக்குப் போய் வந்துகொண்டிருந்தன. 1951 ஆகஸ்ட் 4-ல் நின்றன. பெட்டிகளில் 19-ஐ அரசு ரயில்வே வாங்கி, கிரிம்ஸ்பியிலிருந்து இம்மிங்ஹாம் துறைமுகத்துக்குப் போகும் தொழிலாளிகளுக்காக இன்னும் பத்து வருடம் ஓட்டியது. அதில் இரண்டை பீமிஷ், கிரிச் அருங்காட்சியகங்களில் இப்போதும் பார்க்கலாம். வேல்ஸில் ஸ்வான்சி–மம்பிள்ஸ் பாதை, 1807-லேயே பயணிகளை ஏற்றியது, உலகிலேயே பழையது, 1960 ஜனவரி 5-ல் மூடப்பட்டது. 106 பேர் உட்காரும் பிரம்மாண்டமான இரட்டைத் தளப் பெட்டிகள் அதில் ஓடின. அதை மூடியது பி.இ.டி.யின் பஸ் கம்பெனி. எனக்கு இதில் இன்றைக்கும் மனத்தாங்கல் உண்டு.

1948-ல் இன்னொரு பெரிய பஸ் குழுமமான டில்லிங், தன் பஸ்களை அரசுக்கு விற்றுவிட்டது. பி.இ.டி. முடியாது என்று நின்றது. இருபது வருடம் கழித்து, 1968-ல், மூன்றரைக் கோடி பவுண்டுக்குத் தன் பஸ்களை அரசுக்குக் கொடுத்தது. இந்த முறை விலை பேசிக் கொடுத்தது.

அதற்குள் அது வேறு தொழில்களுக்கும் போய்விட்டது. வானொலியில் பேசுவதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வீட்டில் ரேடியோப் பெட்டி இல்லாதவர்களுக்குக் கம்பி வழியாக நிகழ்ச்சிகளைக் கொண்டுபோய்க் கொடுத்த ரீடிஃப்யூஷன், போருக்குப் பிறகு பி.இ.டி.யின் பிடிக்குள் வந்தது. சிங்கப்பூரில் 1949-ல் தொடங்கியது. மாதச் சந்தா கட்டினால் சுவரில் ஒரு ஒலிப்பெட்டி மாட்டிவிட்டுப் போவார்கள். அங்கே வளர்ந்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். 1955-ல் லண்டனில் பிரிட்டனின் முதல் விளம்பரத் தொலைக்காட்சியைத் தொடங்கியதிலும் இதே குழுமம் உண்டு.

கடைசிக் காலத்தில் பி.இ.டி.யின் கையில் துப்புரவும் சலவையும் மாதிரித் தொழில்கள் இருந்தன. அதில் ஒன்று, அலுவலகங்களுக்குக் கை துடைக்கும் துண்டு வாடகைக்கு விடும் 'இனிஷியல்'. 1996-ல் பூச்சி, எலி ஒழிப்பில் பேர் போன ரென்டோகில் மொத்தமாக வாங்கிக்கொண்டது. அதற்குப் பிறகு அந்தக் கம்பெனி 'ரென்டோகில் இனிஷியல்' ஆனது. அந்தப் பெயரின் பின்பாதி, டிராம் கம்பெனி வீட்டிலிருந்து போனது.

நன்றி, வணக்கம்.