வாரண்டி கார்டு குடுத்த அன்னைக்கே செலவு வந்தாச்சு!

வணக்கம் மக்களே! கப்பலூர் சிட்கோ பக்கத்துல நிக்கிறேன், லாரி சத்தம் கேட்டா பொறுத்துக்கங்க. இங்க இன்வெர்ட்டர் செஞ்சு விக்கிற அண்ணன் ஒருத்தர் கேட்டாரு: "தம்பி, இன்னும் ஒரு பீஸும் ரிப்பேருக்கு வரல, அதுக்குள்ள எதுக்குச் செலவு எழுதச் சொல்றீங்க?"

அண்ணே, மார்ச்ல வித்த இன்வெர்ட்டர் மே மாசம் போர்டு கருகி வருது. வித்த லாபம் போன வருசக் கணக்குல, ரிப்பேர் மட்டும் இந்த வருசத்துலயா? வாரண்டி கார்டுல சீல் வச்சுக் குடுத்தப்பவே பொறுப்பு நம்ம தலைல ஏறிருச்சு. ஏஎஸ் 29-ங்கிற இந்தியக் கணக்கியல் தரநிலை சொல்றது இதைத்தான்.

1000 பீஸ் வித்திருக்கீங்க. அனுபவத்துல நூத்துக்கு 5 திரும்பி வருது, ஒண்ணுக்கு 600 ரூபா ஆகுதுன்னா, 30,000 ரூபா. வாரண்டி செலவு டெபிட், வாரண்டி ப்ரொவிஷன், அதாவது வரப்போற செலவுக்கு முன்கூட்டியே ஒதுக்கி வைக்கிற தொகை, கிரெடிட். அப்புறம் ரிலே, போர்டுன்னு மாத்துறப்ப ப்ரொவிஷன்ல இருந்து கழிங்க, திரும்பச் செலவுல போட்றாதீங்க. வாரண்டி முடிஞ்சும் மிச்சம் இருந்தா லாபத்துக்கே எடுத்துக்கலாம்.

இந்த ப்ரொவிஷனையும் கன்டிஞ்சென்ட் லயபிலிட்டியையும், அதாவது வந்தாலும் வரலாம், வராமலும் போகலாங்கிற பொறுப்பையும், நிறையப் பேரு குழப்பிக்கிறாங்க. ஒரு கஸ்டமர் ரெண்டு லட்சம் நஷ்டஈடு கேட்டு நுகர்வோர் கோர்ட்டுக்குப் போயிட்டாருன்னு வைங்க. தோக்கத்தான் வாய்ப்பு அதிகம்னு வக்கீல் சொன்னா ப்ரொவிஷன். தோக்கலாம், ஆனா ஜெயிக்கத்தான் வாய்ப்பு அதிகம்னா கணக்குல ஏத்தாம, பேலன்ஸ் ஷீட் நோட்ஸ்ல மட்டும் எழுதணும். தோக்க வாய்ப்பே இல்லாத கேஸுக்கு நோட்ஸும் வேணாம்.

இன்கம் டாக்ஸ்ல ஒத்துக்குவாங்களா? ரோடார்க் கன்ட்ரோல்ஸ்ங்கிற கம்பெனியோட கேஸ்ல, வாரண்டி ப்ரொவிஷன் வெறும் கன்டிஞ்சென்ட் லயபிலிட்டிதான், கழிக்க முடியாதுன்னு துறை வாதாடுச்சு. பழைய அனுபவத்தை வச்சு முறையாப் போட்ட மதிப்பீடுன்னா கழிக்கலாம்னு 2009-ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு குடுத்துச்சு. ஒவ்வொரு உற்பத்தியாளரும் தெரிஞ்சுக்க வேண்டிய தீர்ப்பு இது. விற்பனைல 2 சதவீதம்னு குத்துமதிப்பா அடிச்சு விட்டா நிக்காது.

அதனால உங்க சர்வீஸ் நோட்டுதான் ஆதாரம். அண்ணன் நோட்டைப் பாத்தேன்: கஸ்டமர் பேரு, போன் நம்பர், "ரிலே மாத்தியது", அவ்வளவுதான். எந்த மாசம் வித்தது, பார்ட் விலை என்ன, ஆள் கூலி எவ்வளவு, இந்த மூணு விவரமும் சேத்து எழுதுங்க. வரிசை நம்பரை பில்லோட ஒத்துப் பாருங்க. அடுத்த மார்ச்ல சதவீதம் அதுல இருந்தே வந்துரும்.